தூதருக்கு ஏழு பூச்சு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னைப் பற்றியதாக இருந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் வாட்டர்கலர் வகுப்பில் சேர்ந்தேன். ஐம்பதைத் தாண்டிய ஓர் எழுத்தாளன் ஒரு பழைய ஓவியத்தைப் பார்த்து வரைகிறான், வரைய வரைய அவனுக்கு ஏதோ புரிகிறது. என்ன புரிகிறது என்பதைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். தனியாகப் போகக் கூச்சமாக இருந்ததால், மாடியில் குடியிருக்கும் என் அக்காவையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனேன். பத்தாவது வாரத்தில் கதை என்னை அம்போவென்று விட்டுவிட்டு அவள் பின்னால் போய்விட்டது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் யாருக்கும் பார்வை போகவில்லை. (இதைக் கடைசிவரை பொத்தி வைத்திருக்க வேண்டும் என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். நானும் அக்காவும் நான்கு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தோம். அது எங்களோடு போகட்டும்.)

2

தொடக்கங்கள்.

"முந்நூறு ஆண்டுகளுக்கு முன், பகை கொண்ட இரு அரசர்களுக்கு நடுவே குதிரையில் போய்க்கொண்டிருந்த அந்தத் தூதர், தன் வெள்ளை அங்கியில் படிந்த தூசியைத்

விட்டுவிட்டேன். தூதரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓவியத்தின் அடியில் இருந்த இரண்டு வரிகள்தான். பெயர் தெரியவில்லை, வரைந்தவரின் பெயரும் தெரியவில்லை. குதிரை நானாகச் சேர்த்தது.

"வெள்ளை என்பது நிறமே இல்லை, அது ஒரு மௌ

இதை மௌனத்தின் முதல் எழுத்தோடு அக்கா நிறுத்தினாள். என் நாற்காலிக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள். "டேய், இதெல்லாம் வேணாம்டா. நடந்ததைச் சொல்லு" என்றாள்.

சரி, நடந்தது.

3

வகுப்பு ஒரு சைக்கிள் கடைக்கு மேலே. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. படியேறும்போதே கீழே டியூபைத் தண்ணீரில் முக்கிப் பஞ்சர் பார்ப்பது தெரியும். மேலே நாங்கள் பன்னிரண்டு பேர், எங்களுக்கும் ஆளுக்கொரு வாளித் தண்ணீர். டீச்சருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். குரலை உயர்த்தவே மாட்டார். ஆனால் நம் படத்துக்கு முன்னால் வந்து நின்று "ம்" என்று ஒரு சத்தம் கொடுப்பார் பாருங்கள், அதைக் கேட்டவர்கள் அடுத்த வாரமும் அதே இடத்தைத்தான் வரைய வேண்டும்.

பத்து வாரமும் ஒரே படம். எல்லாருக்கும் அந்தத் தூதர்தான். அருங்காட்சியகத்தில் விற்கும் அச்சுப்பிரதியை ஆளுக்கொன்று கொடுத்திருந்தார். வெள்ளைத் தலைப்பாகை, வெள்ளைத் தாடி, தரைவரை விழும் வெள்ளை அங்கி. வலது கையில் முத்திரை உடைக்காத ஒரு கடிதம். சொல்லப் போகிற சேதி தனக்கே பிடிக்கவில்லை என்பதுபோல உதடு. பழைய ஆள் செய்ததைக் கை பழகட்டும், சொந்தச் சரக்கை அப்புறம் காட்டலாம் என்பது டீச்சரின் கட்சி.

பிரதியின்மேல் கட்டம் போட்டோம். தாளிலும் கட்டம் போட்டோம். ஒவ்வொரு கட்டமாகத் தூதரை இறக்கினோம். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார் டீச்சர். வாட்டர்கலரில் வெள்ளைச் சாயம் கிடையாது. தாளின் வெள்ளைதான் தாடி, தாளின் வெள்ளைதான் அங்கி. அதைச் சுற்றியிருக்கும் இருட்டை மட்டும் நாம் வரைய வேண்டும். வெளிச்சத்தை வரைகிறேன் என்று எவனாவது தூரிகையைத் தூக்கினால் கெட்டது. போட்ட சாயத்தைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

(நான் மூன்றாம் வாரமே தாடியை வரைந்துவிட்டேன். என் தூதர் பஞ்சு மிட்டாய் தின்றுகொண்டிருப்பவர்போல இருந்தார். என்னைப் பற்றிய கதை இத்துடன் முடிந்தது.)

அக்காவோ ஏற்கெனவே பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்தவள்போல வரைந்தாள். கண் இமை, விரல் மடிப்பு, தலைப்பாகையின் திருகல் எல்லாம் அச்சு அசல். டீச்சர் அவள் படத்தின் முன் "ம்" கொட்டாமலேயே நகர்ந்து போவார். ஒன்பதாம் வாரம் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். அங்கியில் வெயில் படுகிற பக்கத்துக்கு மட்டும் ஒரு மஞ்சள் பூச்சு. ஒரு சொட்டுச் சாயத்தை அரை டம்ளர் தண்ணீரில் விட்டால் வருகிற மஞ்சள். போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வர வேண்டும், அவ்வளவுதான். ஒரே தடவை.

அந்த வாரம் மாடியில் அக்கா என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதை நான் பார்க்கவில்லை. கீழே உட்கார்ந்து என் தூதரின் வாயிலிருந்து பஞ்சு மிட்டாயைப் பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4

அக்காவின் வேலையை இங்கே சொல்லியாக வேண்டும். (முதல் பகுதியிலேயே சொல்லியிருக்கலாம். நான்காவது வரைக்கும் நினைவு வரவில்லை. இப்படித்தான் எழுதுகிறேன்.)

அக்கா ஒரு பல் லேபில் இருபத்தாறு வருடமாக இருக்கிறாள். உடைந்த பல்லுக்குப் பதிலாக டாக்டர்கள் மாட்டுகிறார்களே கேப், அதைச் செய்கிற இடம். எந்த இரண்டு மனிதர்களின் வெள்ளையும் ஒன்றில்லை. பதினாறு மாதிரிப் பற்கள் கோத்த ஒரு பட்டை உண்டு. டாக்டர் அதில் ஓர் எண்ணை எழுதி அனுப்புவார். பீங்கானில் செய்த கேப்பின்மேல் மயிரிழைத் தூரிகையால் சாயம் தீற்றி, அந்த எண்ணுக்குக் கொண்டுவருவது அக்கா. அதைக் குட்டி அடுப்பில் வைத்துச் சுட்டு எடுப்பது இன்னொருவர். லேபில் அவருக்குச் சூளைக்காரர் என்று பெயர். ஒன்பது வருடமாக இவள் தீற்ற, அவர் சுட, அப்படி ஒரு ஜோடி.

இந்த வருடம் சில கேப்கள் திரும்பி வந்தன. எல்லாம் முன்பல். மஞ்சளாக இருக்கிறது என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஒன்று, இரண்டு என்று ஐந்து வந்துவிட்டன. அக்கா பட்டையோடு வைத்துப் பார்த்தாள், அவளுக்குச் சரியாகத்தான் இருந்தது. அப்படியென்றால் சூட்டில்தான் எங்கோ தப்பு என்று முதலாளியிடம் சொன்னாள். அடுப்பின் மீட்டரைச் சோதித்தார்கள், அதில் கோளாறு இல்லை. மிச்சம் இருந்தது அடுப்பைக் கையாண்ட கை மட்டும்தான். இருபத்தாறு வருடத்தில் அக்காவின் கண்ணை யாரும் சந்தேகப்பட்டதில்லை, முதலாளியும் படவில்லை. சூளைக்காரரை அடுப்பிலிருந்து எடுத்துப் பின்கட்டில் பிளாஸ்டர் அச்சு ஊற்றுகிற அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

இதையெல்லாம் அப்போதே அக்கா என்னிடம் சொல்லியிருந்தாள். நானும் ம் ம் என்று கேட்டுக்கொண்டேன். பாவம், வயதாகிவிட்டால் கை தளரும் என்றுகூடச் சொன்ன ஞாபகம். அவருக்கு வயது நாற்பத்திரண்டு.

5

பத்தாம் ஞாயிறு. டீச்சர் அறையின் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டி, துணி காயப்போடுகிற கிளிப்பில் பன்னிரண்டு தூதர்களையும் மாட்டினார். எல்லாரும் பின்னால் தள்ளி நின்று பார்த்தோம். பதினொரு தூதர்கள் வெள்ளையாக நின்றார்கள். ஒருவர் மட்டும் மஞ்சள் துணிக்கடையைத் திறந்து வைத்துவிட்டு வந்தவர்போல இருந்தார்.

யாரோ சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். டீச்சர் அவளைப் பார்த்து, உங்கள் தூதருக்கு மட்டும் வெயில் கொஞ்சம் அதிகமோ என்று மெதுவாகக் கேட்டார். எத்தனை பூச்சு போட்டீர்கள் என்றும் கேட்டார்.

"ஏழு" என்றாள் அக்கா. "நீங்க சொன்ன தண்ணி மஞ்சள்தான் டீச்சர். ஒண்ணு போட்டேன், காஞ்சதும் ஒண்ணுமே தெரியல. மறுபடி போட்டேன். இப்பவும் சரியா விழல, பாருங்க, வெள்ளையாத்தானே இருக்கு?"

நான் அவள் தூதரையும் பக்கத்துத் தூதரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

டீச்சர் ஒரு துண்டுத் தாளை எடுத்து, பாதிக்கு மட்டும் மஞ்சள் பூசினார். நன்றாகத் தெரிகிற மஞ்சள்தான். விசிறி முன்னால் காட்டி உலர்த்தி, அக்காவிடம் நீட்டி, எந்தப் பாதி என்று கேட்டார். அக்கா ஜன்னல் பக்கம் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கை வைத்தது வெறும் பாதியின்மேல்.

(பார்ப்பதையே பிழைப்பாகச் சொல்லிக்கொள்கிறவன் நான். ஒரு வருடமாக அக்கா வெளிச்சம் போதவில்லை என்று மாடியில் பல்பு மாற்றச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று தடவை நான்தான் ஸ்டூல் போட்டு ஏறி மாற்றினேன். இறங்கி வந்து எழுத உட்கார்ந்தேன்.)

* விவரமான வாசகர் ஒருவர் இங்கே குறுக்கே வருவார். அசலையும் அதே கண்ணால்தானே பார்த்தாள், கண் மஞ்சளாகக் காட்டினால் இரண்டையும்தானே காட்டியிருக்கும், நகல் எப்படி மாறும் என்பார். நியாயமான கேள்வி. நானும் பிற்பாடு கண் டாக்டரிடம் கேட்டேன். அசலை அவள் தப்பாகப் பார்க்கவில்லை என்றார். வெளிர் மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம் அவள் கண்ணுக்கு எட்டவில்லை. போட்ட பூச்சு விழுந்துவிட்டது என்று மாடியில் அவளுக்குச் சொல்ல ஆளில்லை. எட்டும்வரை பூசிக்கொண்டே போயிருக்கிறாள். பல்லிலும் அதேதான்.

6

படியில் இறங்கும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் அம்மாவுக்குக் கண்ணில் நீர் அழுத்தம் கூடி, கடைசி ஆறு வருடம் பார்வையே இல்லை. அம்மா அதை வெகுநாள் யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தாள். அக்கா அதைத்தான் நினைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, அம்மாவுக்கு வந்தது உனக்கும் வரும் என்று ஒன்றுமில்லை, இப்போதெல்லாம் எத்தனையோ மருந்து இருக்கிறது என்று வாய்க்கு வந்ததை எடுத்துவிட்டேன். அவள் என் பேச்சைக் கேட்கவே இல்லை.

"அப்போ அந்த ஆறு பல்லும் நான் பண்ணதுதான்" என்றாள்.

ஐந்துதானே என்றேன். சூளைக்காரரை மாற்றிய பிறகும் ஒன்று திரும்பி வந்தது, அடுப்புக்கு வந்த புது ஆளுக்கு இன்னும் கை படியவில்லை என்று சொல்லிவிட்டோம் என்றாள். பிறகு மீதியையும் சொன்னாள்.

"திரும்பி வந்த பல்லையெல்லாம் கேட்டு வாங்கி ஒரு டப்பாவுல போட்டு வெச்சிருக்காருடா. சாப்பாட்டு நேரத்துல ஜன்னல்கிட்ட உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்துப் பாப்பாரு. எங்க தப்பு பண்ணோம்னு தேடுறாரு. போன வாரம் என்கிட்டயே கொண்டாந்து கேட்டாரு. நான் சொல்லிக் குடுத்தேன். சூடு எறங்குறதுக்கு முன்னாடி எடுத்துட்டீங்கன்னு நான் பாடம் எடுத்தேன்."

அதற்கு அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"'நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

கீழே யாரோ சைக்கிள் பெல்லைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நிறுத்துகிறவரை நாங்கள் படியிலேயே உட்கார்ந்திருந்தோம்.

7

இந்தப் பகுதியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன், சொல்லச் சந்தோஷமாகவும் இருக்கிறது. கண் ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்க நான்கு நாள் ஆயிற்று. டாக்டர் கண்ணில் சொட்டு விட்டார், காற்று அடித்தார், ஒரு கருவிக்குள் மோவாயை வைக்கச் சொன்னார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரே விளம்பரத் தாளை ஒன்பது தடவை படித்தேன். கடைசியில் அவர் விளக்கைப் போட்டுவிட்டு, அழுத்தம் எல்லாம் சரியாக இருக்கிறது, அம்மாவுக்கு வந்தது உங்களுக்கு இல்லை, இது கண்புரை, இரண்டு கண்ணிலும் நன்றாக முற்றியிருக்கிறது, எடுத்துவிடலாம் என்று ஒரே மூச்சில் சொன்னார். தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிற குரலில் சொன்னார். எனக்கு எழுந்து அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அக்கா அழுதாள். நானும்தான். சொட்டு மருந்தின்மேல் பழியைப் போட அவளுக்காவது வழி இருந்தது.

முதல் கண்ணுக்கு அறுவை முடிந்து கட்டைப் பிரித்த காலை, புதுக் கண்ணையும் பழைய கண்ணையும் மாற்றி மாற்றிப் பொத்திக்கொண்டு ஆஸ்பத்திரி ஜன்னல் திரையைப் பார்த்தாள். திறந்து, மூடி, திறந்து, மூடி. இத்தனை வெள்ளையா, இத்தனை வெள்ளையா என்று முணுமுணுத்தாள். வீட்டுக்கு வந்ததும் கால் கழுவக்கூட நிற்காமல் மாடிக்குப் போனாள். சுருட்டி வைத்திருந்த தூதரை விரித்தாள். பிறகு அவள் சிரிப்பது கீழே எனக்குக் கேட்டது. நான்கு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை.

"டேய், மேல வா. இவருக்கு மஞ்சள் காமாலைடா."

மேலே போனேன். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். சிரித்து முடித்ததும், இந்த மஞ்சளைத்தானே சூளைக்காரர் ஜன்னல்கிட்ட வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றாள்.

8

சூளைக்காரர் எனக்குச் சிக்கலாக இருக்கிறார். கதாபாத்திரமாகச் சொல்கிறேன்.

இவ்வளவு பொறுமையான மனிதரை வாசகர் நம்ப மாட்டார். முதல் பிரதியில் அவருக்குக் கொஞ்சம் கோபம் சேர்த்தேன். பிளாஸ்டர் அறைக்கு மாற்றிய அன்று கதவை அறைந்து சாத்துகிறார், ஒரு கிண்ணம் விழுந்து உடைகிறது. அக்கா அந்தப் பத்தியைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டாள். அப்படி அவர் ஒரு கதவையாவது சாத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், அந்த நிம்மதியை நீ எனக்கு எழுதிக் கொடுக்காதே என்றாள்.

அப்படியானால் அவரிடம் குறையே இல்லையா என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்தாள். இரவல் வாங்குகிற பேனாவைத் திருப்பித் தரமாட்டார் என்றாள். ஒன்பது வருடத்தில் அவளுடைய பதினொரு பேனா அவரிடம் போயிருக்கிறது. சரி, அதைப் போட்டுக்கொள்கிறேன் என்றேன். அதைப் போட்டதும் எனக்கும் அவரை நம்ப முடிந்தது.

(தூதரின் கையில் இருக்கிற பிரிக்காத கடிதத்தை வைத்து இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். சேதியைக் கொண்டுபோகிறவர், கொடுக்கத் தயங்குகிறவர் என்றெல்லாம் நன்றாகத்தான் வந்திருந்தது. அக்கா படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். புதுக் கண்ணாலும் பார்த்தாள், பழைய கண்ணாலும் பார்த்தாள். எடுத்துவிட்டேன்.)

9

முடிவுகள்.

முடிவு ஒன்று. அக்கா முதலாளியிடம் சொல்கிறாள், முதலாளி சூளைக்காரரைக் கூப்பிட்டு மறுபடி அடுப்பில் உட்கார வைக்கிறார், எல்லாரும் கை தட்டுகிறார்கள். இதில் அக்கா அவர் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை. அதனால்தான் எழுத அவ்வளவு சுலபமாக இருந்தது.

முடிவு இரண்டு. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிளாஸ்டர் படிந்த கையைத் துடைத்துக்கொண்டே, "பதினாறு வாரமா என் கையை நானே நம்பலக்கா" என்கிறார். பிறகு அவளோடு பேசுவதே இல்லை. இதை எழுதிவிட்டு நானே எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

முடிவு மூன்று. அவர் சிரித்துவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்து பதினொரு பேனாவையும் எடுத்து

அக்கா பேனாவோடு சேர்த்து என்னையும் வெளியே எறிந்துவிடுவாள்.

இரண்டாவது கண்ணும் முடிந்தது. விடுப்பு முடிந்து வரும் திங்கட்கிழமை வேலைக்குப் போகிறாள். முதலாளியிடம் போனில் சொல்லிவிடேன், அவர் சொல்லிக்கொள்வார் என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். தப்பு என்னுடையது என்று முதலில் தெரிய வேண்டியது சூளைக்காரருக்கு, முதலாளிக்கு அதற்கப்புறம்தான் என்றாள். ஞாயிற்றுக்கிழமை மாலை கீழே வந்து, இந்தக் கதையின் தாள்களை மேசையிலிருந்து மொத்தமாக அள்ளித் தன் பையில் வைத்தாள். ஒன்பதாம் பகுதி பாதியில் நிற்கிறது என்றேன். நிற்கட்டும் என்றாள்.

"அவர் காதுல விழறதுக்கு முன்னாடி இது ஒருத்தர் கண்ணுலயும் படக்கூடாது. அவர்கிட்ட சொல்லிட்டா திருப்பித் தர்றேன். சொல்ல முடியாமப் போச்சுன்னா இதை நீ மறந்துரு."

இருபது வருடமாக எழுதுகிறேன். என் கைப்பிரதியை ஒருவர் பிணையாக எடுத்துக்கொண்டு போவது இதுதான் முதல் தடவை.

10

திங்கள் காலை எட்டரைக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். கக்கத்தில் சுருட்டிய தூதர். அதை ஏன் எடுத்துப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை. வாயால் சொன்னால் விளங்காமல் போகலாம், ஜன்னல்கிட்ட வைத்துக் காட்டினால் அவருக்கு ஒரு பார்வையிலேயே விளங்கிவிடும். ஒன்பது வருடம் அவளுடைய தீற்றலைச் சுட்டவர்.

அன்று முழுக்க எனக்கு ஒரு வரி ஓடவில்லை. மூன்று தடவை டீ போட்டேன். ஒன்றில் தூரிகையைக் கழுவிவிட்டேன்.

ஆறரை மணிக்கு வந்தாள். கக்கத்தில் தூதர் இல்லை. பையைத் திறந்து தாள்களை எடுத்து என் மேசையில் வைத்தாள். ஓரங்கள் கொஞ்சம் மடங்கியிருந்தன. அச்சுக்கு அனுப்பிக்கொள் என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் கால் வைத்தாள்.

அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். எழுதுகிறவன் கேட்காமல் இருக்க முடியுமா?

"அது எங்க ரெண்டு பேருக்கு நடுவுல நடந்ததுடா" என்றாள். குரல் தெளிவாக இருந்தது. படியை எண்ணி எண்ணிக் கால் வைக்காமல், மேலே பார்த்துக்கொண்டே ஏறிப் போனாள். கொஞ்ச நேரத்தில் மாடியில் குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. எனக்குத் தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியதுபோல இருந்தது.

ஆக, இது இப்போது உங்கள் கையில் இருக்கிறது என்றால் அவள் சொல்லிவிட்டாள் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சூளைக்காரர் என்ன பதில் சொன்னார், அந்த டப்பாவை என்ன செய்தார், தூதர் இப்போது எந்தச் சுவரில் தொங்குகிறார் என்பதற்கெல்லாம் கீழே இடம் விட்டிருக்கிறேன். தாள் வெள்ளையாகத்தான் இருக்கிறது, நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

அவர் மன்னித்துவிட்டார் என்றுதான் எழுதப் போகிறீர்கள், எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். எழுதுங்கள். ஆனால் ஒரே ஒரு பூச்சு. காய்ந்ததும் ஒன்றும் தெரியவில்லையே என்று இரண்டாவது தடவை தூரிகையைத் தொடாதீர்கள்.